டிஎஸ்எல்ஆரிலிருந்து மிரர்லெஸ்ஸுக்கு: கண்ணாடி நீங்கினால் எவையெல்லாம் மாறும்?

திருமணப் படம் எடுக்கும் நண்பர்கள், கையிலிருக்கும் டிஎஸ்எல்ஆரை (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) விட்டு மிரர்லெஸ்ஸுக்கு (அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா) மாறலாமா என்று யோசிக்கத் தொடங்கும்போது முதலில் கேட்பது, படம் இன்னும் நன்றாக வருமா என்பதைத்தான். கண்ணாடி இல்லை என்ற ஒரே காரணத்தால் படத்தின் தரம் உயர்ந்துவிடாது என்பதே இதற்கு நேரான பதில். 2014இல் வந்த நிக்கான் டி750 ஒரு டிஎஸ்எல்ஆர். 2018இல் வந்த நிக்கான் இசட்6 ஒரு மிரர்லெஸ். இரண்டிலும் ஏறத்தாழ 2.4 கோடி பிக்சல்கள் கொண்ட முழுச்சட்டக சென்சார், அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிமின் அளவுள்ள சென்சார் இருக்கிறது. ஒரே லென்ஸை இரண்டிலும் மாற்றிப் பொருத்தி, முக்காலியில் நிறுத்தி, ஒரே வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களை ஆல்பத்தில் அடுத்தடுத்து அச்சிட்டால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று கண்டுபிடிப்பது அனுபவமுள்ளவர்களுக்கும் கடினம்.

மாற்றம் நிகழ்வது படம் எடுக்கும் முறையில். முகூர்த்த நேரத்தில் எத்தனை படங்கள் கூர்மையாக விழுகின்றன, எத்தனை கைநழுவிப் போகின்றன, ஒரு நாளுக்கு எத்தனை பேட்டரிகள் தேவைப்படும், பழைய லென்ஸ்கள் எவ்வளவு தூரம் பயன்படும் என்பவை எல்லாம் அந்த முறையைப் பொறுத்தவை. இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கண்ணாடி எதற்காக வைக்கப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால், அது நீங்கும்போது எவை மாறும் என்பதை நாமே ஊகித்துவிடலாம். மேற்சொன்ன இரண்டு கேமராக்களையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு பார்ப்போம். கேனான், சோனி பயன்படுத்துபவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

கண்ணாடி எதற்காக இருந்தது

ஃபிலிமின் மேல் ஒளி பட்டால் அது பதிவாகிவிடும். ஆகவே ஒளியை மறைத்து நிற்கும் திரையான ஷட்டர் திறக்கும் கணம் வரை ஃபிலிமை இருட்டிலேயே வைத்திருக்க வேண்டும். ஆனால் படம் எடுப்பவரோ, லென்ஸ் எதைக் காண்கிறதோ அதையே தானும் காண விரும்புகிறார். முரண்பட்ட இந்த இரண்டு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றத்தான் லென்ஸுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடியை வைத்தார்கள். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்புகிறது. மேலே உள்ள ஐங்கோணப் பட்டகம் தலைகீழும் இடவலமும் சரிசெய்யப்பட்ட காட்சியைக் கண்ணுக்குக் கொடுக்கிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே மடங்குகிறது, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் ஒரு கணம் இருளுகிறது, ஷட்டர் திறந்து மூடுகிறது, கண்ணாடி மீண்டும் கீழிறங்குகிறது. டிஎஸ்எல்ஆரில் நாம் கேட்டுப் பழகிய அந்த ஓசையில் பாதிக்கு மேல் இந்தக் கண்ணாடியின் ஓசைதான்.

டிஜிட்டல் காலம் வந்தபோது ஃபிலிம் இருந்த இடத்தில் சென்சார் அமர்ந்தது. கண்ணாடியும் பட்டகமும் அப்படியே இருந்தன. 1959இல் நிக்கான் எஃப் கேமராவோடு வந்த அதே லென்ஸ் வளையம்தான் டி750 வரை தொடர்ந்தது என்பதிலிருந்து, அந்த அமைப்பு எவ்வளவு உறுதியாக வேரூன்றியிருந்தது என்பது விளங்கும். ஆனால் சென்சார் ஒரு வகையில் ஃபிலிமிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. அதன் மேல் இடைவிடாமல் ஒளி பட்டுக்கொண்டே இருக்கலாம். நொடிக்குப் பலமுறை அதைப் படித்து, துடைத்து, மீண்டும் படிக்கலாம். கைபேசியின் கேமரா இதைத்தான் செய்கிறது. அப்படியானால் சென்சாரே காட்சியைப் பார்த்து, கண்ணருகே உள்ள ஒரு சிறு திரைக்கு அனுப்பிவிடலாம். இடையில் கண்ணாடிக்கு வேலை இல்லை.

2008இல் பானசோனிக் வெளியிட்ட லூமிக்ஸ் ஜி1 இந்த எண்ணத்தை லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவாக்கியது. 2013இல் சோனியின் ஏ7 வரிசை முழுச்சட்டகத்துக்கு அதைக் கொண்டுவந்தது. 2018இல் நிக்கானும் கேனானும் தங்கள் முழுச்சட்டக மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கின. 2020க்குப் பிறகு இவ்விரு நிறுவனங்களும் புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் அறிமுகப்படுத்தவில்லை.

டிஎஸ்எல்ஆரில் காட்சியைக் காட்டுவது கண்ணாடியும் பட்டகமும். ஒளியை அளப்பது ஓர் உறுப்பு. ஃபோகஸ் செய்வது வேறோர் உறுப்பு. சென்சாருக்குப் பதிவு செய்வது மட்டுமே வேலை. மிரர்லெஸ்ஸில் இந்த நான்கு வேலைகளையும் சென்சார் ஒன்றே செய்கிறது. கீழே வரும் நன்மைகளுக்கும் தொல்லைகளுக்கும் இந்த ஒரு வேறுபாடே காரணம்.

ஃபோகஸ்

டிஎஸ்எல்ஆரின் கண்ணாடியில் ஒரு பகுதி ஒளியை ஊடுருவ விடும். அதன் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டாவது சிறு கண்ணாடி அந்த ஒளியைக் கேமராவின் அடிப்பகுதியிலுள்ள ஃபோகஸ் உறுப்புக்கு அனுப்புகிறது. நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே விலகிய கோணங்களில் பார்ப்பது போல, அந்த உறுப்பு லென்ஸின் இரு பக்கங்களிலிருந்தும் வரும் காட்சிகளை ஒப்பிட்டு, லென்ஸை எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று கணக்கிடுகிறது. மிக வேகமான முறை இது. ஆனால் இதில் இரண்டு குறைகள் உள்ளன.

முதலாவது, அந்தச் சிறு கண்ணாடியால் சட்டகத்தின் நடுப்பகுதியை மட்டுமே எட்ட முடியும். டி750இன் 51 ஃபோகஸ் புள்ளிகளும் நடுவில் குவிந்திருப்பதற்குக் காரணம் இதுவே. மணப்பெண்ணின் முகத்தைச் சட்டகத்தின் ஓரத்தில் வைத்து, மீதி இடத்தில் மணவறையைக் காட்ட விரும்பினால், நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து ஃபோகஸ் செய்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பிப் படம் எடுப்பது நம்மில் பலருக்கும் கைவந்த பழக்கம். 85 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8 அளவுக்கு அகலத் திறந்து 2 மீட்டர் தொலைவில் எடுக்கும்போது கூர்மையாக விழும் ஆழம் முழுவதுமே ஏறத்தாழ 6 செ.மீ.தான், கேமராவைத் திருப்பும் அந்தச் சிறு அசைவிலேயே கூர்மை கண்ணிலிருந்து காதோரக் கம்மலுக்கு நகர்ந்துவிடும்.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. ஃபோகஸை அளக்கும் இடம் ஒன்று, படம் பதிவாகும் இடம் வேறொன்று. லென்ஸிலிருந்து இந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள தொலைவு துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். மயிரிழை வேறுபாடு இருந்தாலும், ஃபோகஸ் ஆகிவிட்டது என்று கேமரா உறுதி சொல்லும். படமோ சற்று முன்னாலோ பின்னாலோ கூர்மையாக இருக்கும். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகத் திருத்த எண் கொடுக்கும் வசதி உயர்நிலை டிஎஸ்எல்ஆர்களில் இருப்பது இதற்காகத்தான். நானும் ஒரு 85 மி.மீ. லென்ஸைப் பழுதென்று எண்ணி நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்தேன். லென்ஸில் ஒரு குறையும் இல்லை, அந்தத் தொலைவுக் கணக்குதான் பிசகியிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது.

மிரர்லெஸ்ஸில் ஃபோகஸை அளக்கும் பிக்சல்கள் சென்சாரின் மேலேயே பரவியிருக்கின்றன. அளக்கும் இடமும் பதிவாகும் இடமும் ஒன்றே என்பதால் அந்தத் தொலைவுக் கணக்கு எழுவதே இல்லை. புள்ளிகள் நடுவில் குவிய வேண்டிய கட்டாயமும் இல்லை. இசட்6இன் 273 புள்ளிகள் சட்டகத்தின் அகலத்திலும் உயரத்திலும் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டுகின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கேமரா இப்போது முழுக் காட்சியையும் படமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இது முகம், இது கண் என்று அடையாளம் கண்டு அதைப் பின்தொடர அதனால் முடிகிறது. இசட்6 விற்பனைக்கு வந்தபோது கண்ணைக் கண்டறியும் திறன் அதில் இல்லை. 2019இல் ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) புதுப்பித்தலின் மூலமே அது வந்து சேர்ந்தது. ஏற்கெனவே விற்றுப்போன கேமரா, வாங்கியவர் கையிலேயே ஒரு புதிய திறமையைக் கற்றுக்கொண்டது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இருந்தாலும் இதை முழுவதும் நம்பி விட்டுவிடக் கூடாது. கெட்டிமேளம் ஒலிக்கும் நேரத்தில் மணமக்களைச் சுற்றி ஐந்தாறு முகங்கள் குனிந்து நிற்கும். எந்தக் கண் நமக்கு வேண்டியது என்பது கேமராவுக்குத் தெரியாது. நாத்தனாரின் கண்ணைப் பிடித்துக்கொண்டு மணமகளை மங்கலாக்கிவிடுவது நடக்கக்கூடியதே. அந்தச் சில நொடிகளுக்கு, முழுச் சட்டகத்திலும் தேடும் முறையை விட்டு, சிறிய ஃபோகஸ் பகுதியை நாமே மணமகளின் முகத்தில் வைப்பது பாதுகாப்பு. இன்னொன்றும் உண்டு. டி750இன் 51 புள்ளிகளில் 15 புள்ளிகள் நெடுக்குக் கோடுகளையும் கிடைக்கோடுகளையும் ஒருங்கே உணரும். இசட்6இன் சென்சாரிலுள்ள புள்ளிகள் ஒரு திசையை மட்டுமே உணர்கின்றன. பட்டுப்புடவையின் சரிகைக் கரை கிடைமட்டமாக நீண்டு கிடக்கும்போது ஃபோகஸ் பிடிபடாமல் முன்னும் பின்னும் அலைவது இதனால்தான். கேமராவைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் பிடித்துக்கொள்ளும்.

கண்ணருகே ஒரு திரை

டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் எதிரே இருப்பதைக் காட்டுகிறது. மிரர்லெஸ்ஸின் வியூஃபைண்டர் எடுக்கப்போகும் படத்தைக் காட்டுகிறது. மணமகள் சாளரத்தின் முன் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். டிஎஸ்எல்ஆரில் பார்க்கும்போது நம் கண் தானாகவே சரிசெய்துகொள்வதால் முகம் தெளிவாகத் தெரியும். எடுத்த படத்தில்தான் முகம் கறுத்துப்போயிருப்பது தெரியவரும். மிரர்லெஸ்ஸில் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முகம் கறுத்திருப்பது கண்ணெதிரே தெரிகிறது. சக்கரத்தைத் திருப்பினால் அது வெளுப்பதும் தெரிகிறது. எக்ஸ்போஷர், அதாவது படத்தில் பதிவாகும் ஒளியின் அளவு, என்பதைக் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. இருண்ட மண்டபத்தில் அந்தச் சிறு திரை கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரியும். படம் போதிய வெளிச்சத்தோடு இருப்பதாக நம்பி ஏமாந்துவிடுவோம். திரையின் ஓரத்தில் ஹிஸ்டோகிராம் எனப்படும் ஒளிப்பரவல் வரைபடத்தை வைத்துக்கொண்டால் இந்த மயக்கம் நேராது. அடுத்து, ஸ்டுடியோ ஃபிளாஷுடன் வேலை செய்பவர்கள் முதல் நாளே திகைக்கும் ஒன்று: எஃப் 8, 1/160 நொடி என்று வைத்ததும் வியூஃபைண்டர் இருண்டு போகிறது. கேமரா பழுதாகவில்லை. ஃபிளாஷ் அடிக்கப்போவதை அறியாமல், இருக்கும் வெளிச்சத்தில் படம் எப்படி வருமோ அதைத்தான் அது காட்டுகிறது. அமைப்புகளின் விளைவைத் திரையில் காட்ட வேண்டாம் என்று நிறுத்திவைக்கும் வசதி ஏறத்தாழ எல்லா நிறுவனங்களின் கேமராக்களிலும் ஒவ்வொரு பெயரில் இருக்கிறது. மெனுவில் அதைத் தேடி, விரல் எட்டும் ஒரு பொத்தானுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது.

பழைய ஃபிளாஷ்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஸ்பி-700 போன்ற நிக்கான் ஃபிளாஷ்கள் இசட்6இன் மேல் பொருந்தி, தானியங்கி அளவோடு வேலை செய்கின்றன. ஆனால் இருட்டில் ஃபோகஸுக்கு உதவுவதற்காக அவை வீசும் சிவப்புக் கோட்டு ஒளி, டிஎஸ்எல்ஆரின் தனி ஃபோகஸ் உறுப்புக்காக அமைக்கப்பட்டது. மிரர்லெஸ் அதைப் பயன்படுத்துவதில்லை. வரவேற்பு மேடையின் விளக்குகளை அணைத்துவிட்டு மணமக்களை அழைத்து வரும் நிகழ்ச்சிகளில் இந்த இழப்பு நன்றாகவே உணரப்படும்.

கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வெயிலில் நிற்கும்போதோ, காரின் இருக்கையில் வைக்கும்போதோ, வியூஃபைண்டரின் கண்பகுதி சூரியனை நோக்கி இருக்கக் கூடாது. அங்குள்ள சிறு லென்ஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போல வெயிலைக் குவித்து உள்திரையில் நிலையான தழும்பை உண்டாக்கிவிடும்.

ஓசையற்ற ஷட்டரும் தவில் குச்சியும்

கண்ணாடியே இல்லாததால் அதன் ஓசையும் இல்லை. எலெக்ட்ரானிக் ஷட்டரைத் தேர்ந்தெடுத்தால், திரைகள் திறந்து மூடும் ஓசையும் நின்று, கேமரா முழு மௌனமாகிவிடும். கச்சேரியில் ஆலாபனையின் நடுவிலும், தந்தை மகளைத் தாரைவார்த்துக் கொடுக்கும்போது மணவறை உறைந்து நிற்கும் அந்தக் கணத்திலும், யாருடைய கவனத்தையும் கலைக்காமல் படம் எடுக்க முடிவது பெரிய வரம்.

ஆனால் அதே முறையில் நாதஸ்வரக் குழுவைப் படம் எடுத்தால், தவில் வாசிப்பவரின் கையிலுள்ள குச்சி வில்லாக வளைந்திருக்கும். 1/1000 நொடி வேகம் வைத்திருந்தும் ஏன் வளைகிறது என்பதுதான் தொடக்கநிலையில் எவருக்கும் விளங்காத இடம். எலெக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் படிக்கப்படுவதில்லை. மேல் வரிசையில் தொடங்கி வரிசை வரிசையாகக் கீழே படித்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு வரிசையும் 1/1000 நொடிதான் ஒளியைப் பெறுகிறது. ஆனால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே, சாதாரண முழுச்சட்டக சென்சார்கள் பலவற்றில் 1/15 முதல் 1/30 நொடி வரை கழிந்துவிடுகிறது. அதற்குள் குச்சி வெகுதூரம் நகர்ந்துவிடுவதால், அதன் நுனி ஒரு நேரத்திலும் அடி வேறொரு நேரத்திலும் பதிவாகின்றன. ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இது சரியாகாது.

எல்இடி விளக்குகளின் கீழ் கறுப்புப் பட்டைகள் விழுவதும் இதே காரணத்தால்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. சென்சார் கீழே படித்துக்கொண்டு வரும்போது விளக்கு மங்கிய நேரங்களில் படிக்கப்பட்ட வரிசைகள் கறுத்துவிடுகின்றன. 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் இந்த விளக்குகளின் பட்டை பெரும்பாலும் மறையும். ஆனால் மேடையின் பின்னணியிலுள்ள எல்இடி சுவர் வேறு தாளத்தில் துடிப்பதால் அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இத்தகைய இடங்களில் திரைகள் அசையும் மெக்கானிக்கல் ஷட்டருக்குத் திரும்புவதே நல்லது. சாதாரண மிரர்லெஸ் கேமராக்களில் எலெக்ட்ரானிக் ஷட்டரில் ஃபிளாஷும் அடிக்காது என்பதால், மௌன முறையை அணைக்க மறந்துவிட்டுக் குழுப்படம் எடுக்கப் போனால் அங்கே தடுமாற நேரும்.

மிக வேகமாகப் படிக்கும் சென்சார்கள் இப்போது வந்துவிட்டன. 2021இல் வந்த நிக்கான் இசட்9 மெக்கானிக்கல் ஷட்டரையே கைவிட்டுவிட்டது. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9-3இல் எல்லாப் பிக்சல்களும் ஒரே கணத்தில் பதிவாகின்றன. இவை விலை உயர்ந்தவை. தொடக்கநிலை மிரர்லெஸ்ஸில் இந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

பழைய லென்ஸ்களை என்ன செய்வது

கண்ணாடி மேலே மடங்குவதற்கு இடம் வேண்டும் என்பதால், டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே கணிசமான இடைவெளி இருக்கும். நிக்கானின் எஃப் வளையத்தில் அது 46.5 மி.மீ.; கேனானின் இஎஃப் வளையத்தில் 44 மி.மீ. கண்ணாடி நீங்கியதும் அந்த இடைவெளி சுருங்கியது. நிக்கான் இசட் வளையத்தில் 16 மி.மீ., கேனான் ஆர்எஃப் வளையத்தில் 20 மி.மீ., சோனி இ வளையத்தில் 18 மி.மீ. மட்டுமே.

அடாப்டர் என்பது என்ன என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். 46.5இலிருந்து 16ஐக் கழித்தால் 30.5 மி.மீ.; நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் அந்த இடைவெளியை நிரப்பும் ஒரு வளையம், அவ்வளவே. கேனானுக்கு அது 24 மி.மீ. உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் சிறிதும் குறைவதில்லை. மறுதிசையில் இது நடக்காது. சென்சாரிலிருந்து 16 மி.மீ. தொலைவில் நிற்க வேண்டிய இசட் லென்ஸை 46.5 மி.மீ. தொலைவில் நிறுத்த வழியில்லை. பழைய லென்ஸ் புதிய கேமராவுக்கு வரும். புதிய லென்ஸ் பழைய கேமராவுக்குத் திரும்பாது. இரண்டு கேமராக்களையும் சில காலம் சேர்த்து வைத்திருக்க எண்ணுபவர்கள் லென்ஸ் வாங்கும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

1987இல் கேனான் தன் பழைய எஃப்டி வளையத்தை விட்டு இஎஃப் வளையத்துக்கு மாறியபோது லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைக்கவில்லை. எஃப்டியின் இடைவெளி 42 மி.மீ.; இஎஃப்பின் இடைவெளி அதைவிட 2 மி.மீ. கூடுதல் என்பதால், வெறும் வளையத்தால் இணைக்க முடியாமல் போயிற்று. அந்த எஃப்டி லென்ஸ்களைக்கூட இன்று மிரர்லெஸ்ஸில் பொருத்தி, கையால் ஃபோகஸ் செய்து, கூர்மையான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதியின் துணையோடு பயன்படுத்தலாம்.

அடாப்டரால் எல்லாமே வேலை செய்துவிடும் என்றும் எண்ணக் கூடாது. நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. டி750 போன்ற கேமராக்களின் உள்ளிருக்கும் மோட்டார்தான் ஒரு சிறு திருகின் வழியே அவற்றைத் திருப்பியது. எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை. ஆகவே பலரும் விரும்பி வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8டி இசட்6இல் கையால் மட்டுமே ஃபோகஸ் ஆகும். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று பெயரிட்ட லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். கேனான் தொடக்கத்திலிருந்தே இஎஃப் லென்ஸுக்குள் மோட்டாரை வைத்ததால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. சிறிய சென்சாருக்கென்று செய்த டிஎக்ஸ் லென்ஸை இசட்6இல் பொருத்தினால், கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்திக்கொள்ளும், 2.4 கோடி பிக்சல்களுக்குப் பதிலாக ஏறத்தாழ 1 கோடிதான் கிடைக்கும். வேறு நிறுவனங்கள் நிக்கான், கேனான் கேமராக்களுக்கென்று செய்த லென்ஸ்கள் சில அடாப்டரோடு ஒத்துழைக்கும், சில ஃபர்ம்வேர் மாற்றிய பிறகே ஒத்துழைக்கும். இவற்றைப் பொருத்திப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

மிரர்லெஸ் என்றால் எடை குறையும் என்ற நம்பிக்கைக்கும் விடை இந்த இடைவெளியிலேயே இருக்கிறது. கேமரா மட்டும் என்றால் டி750 750 கிராம், இசட்6 585 கிராம். லென்ஸ்களைப் பொறுத்தவரை, சென்சாருக்கு அருகில் நிற்க முடிவதால் பெரும்பயன் அடைந்தவை அகலக்கோண லென்ஸ்கள்: 14-24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் பழைய வடிவில் ஏறத்தாழ 1 கிலோ, இசட் வடிவில் 650 கிராம். தொலைநோக்கு லென்ஸ்களுக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை, 70-200 மி.மீ. எஃப் 2.8 பழைய வடிவில் 1,430 கிராம், இசட் வடிவில் 1,440 கிராம். தோள்வலிக்காக மட்டும் மாற நினைப்பவர், தான் அதிகம் சுமப்பது எந்த லென்ஸை என்று முதலில் பார்க்க வேண்டும்.

பேட்டரி, கார்டு, தூசி

டிஎஸ்எல்ஆரில் காட்சியைப் பார்ப்பதற்கு மின்சாரம் தேவையில்லை. மிரர்லெஸ்ஸில் சென்சாரும் திரையும் செயலியும் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் உழைக்கின்றன. தொழில்துறையின் பொது அளவீட்டின்படி டி750 ஒரு பேட்டரியில் 1,230 படங்கள் எடுக்கும், இசட்6 310. நடைமுறையில், தொடர்ச்சியாகப் படங்களை எடுத்துத் தள்ளும்போது இதைவிட மிக அதிகமாகவே கிடைக்கும். ஆனால் படம் எடுக்காமல் கேமராவைக் கண்ணில் வைத்துக் காத்திருக்கும் நேரமும் இங்கே செலவுக் கணக்கில் சேர்கிறது. முழுநாள் திருமணத்துக்கு மூன்று அல்லது நான்கு பேட்டரிகள் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. டி750இன் பழைய பேட்டரிகள் இசட்6இலும் பொருந்தும் என்பது ஆறுதல். கேமராவுக்குள் வைத்தபடியே யுஎஸ்பி வழியாக மின்னேற்றம் செய்வது மட்டும் புதிய வகைப் பேட்டரிகளில்தான் இயலும்.

டி750இல் இரண்டு எஸ்டி கார்டுகள் வைக்கலாம். ஒன்றில் பழுது நேர்ந்தாலும் மற்றொன்றில் படங்கள் இருக்கும். இசட்6இல் எக்ஸ்கியூடி என்ற வேறு வகைக் கார்டுக்கான ஒரே ஓர் இடம்தான். மீண்டும் நடத்த முடியாத ஒரு நிகழ்ச்சியை ஒற்றைக் கார்டை நம்பி எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2020இல் வந்த இசட்6-2 இரண்டு கார்டு இடங்களோடு இந்தக் குறையைப் போக்கியது. திருமண வேலைக்கு மாறுபவர்கள், பழைய கேமராச் சந்தையில் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், கூடுதல் விலை கொடுத்தேனும் பிந்தையதை எடுப்பது தகும்.

கண்ணாடி மறைத்துக்கொண்டிருந்த சென்சார் இப்போது லென்ஸைக் கழற்றியதும் வெளியே தெரிகிறது. ஹோமப் புகையும் அட்சதைத் தூளும் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்ற நேர்ந்தால், கேமராவை அணைத்து, அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, விரைவாக மாற்ற வேண்டும். இதற்கு ஈடாகக் கிடைப்பது, சென்சாரே அசைந்து கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி. டி750இல் அது கிடையாது. இசட்6இல் இருப்பதால், நடுக்கம் தடுக்கும் அமைப்பு எதுவுமில்லாத பழைய 50 மி.மீ. லென்ஸும் குத்துவிளக்கின் ஒளியில் 1/15 நொடிக்குக் கையில் நிற்கிறது. விளக்கேற்றும் கை அசைந்தால் அந்தக் கை மங்கத்தான் செய்யும்.

யார் காத்திருக்கலாம்

நிலக்காட்சிகளை முக்காலியில் வைத்து எடுப்பவர்களுக்கும், ஸ்டுடியோவில் எஃப் 8இல் கடவுச்சீட்டுப் படமும் குடும்பப் படமும் எடுப்பவர்களுக்கும் மேலே சொன்ன ஃபோகஸ் வேறுபாடுகள் அன்றாட வேலையில் பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. நல்ல நிலையிலுள்ள டிஎஸ்எல்ஆரை அவர்கள் தயங்காமல் தொடரலாம். புகைப்படம் கற்கத் தொடங்கும் மாணவருக்குக் குறைந்த விலையில் கிடைக்கும் பழைய டிஎஸ்எல்ஆரும் ஒரு 50 மி.மீ. லென்ஸும் இன்றும் நல்ல தொடக்கமே. ஓடும் குழந்தைகள், பறவைகள், மேடை நடனம், திருமணம் என்று அசையும் உயிர்களை அகலத் திறந்த லென்ஸில் எடுப்பவர்களுக்குத்தான் மாற்றம் உடனடியாகப் பலன் தரும்.

அவர்களும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றுவிட்டு மாற வேண்டியதில்லை. முதலில் கேமராவும் அடாப்டரும் வாங்கி, பழைய லென்ஸ்களோடு சில மாதங்கள் வேலை செய்து, டி750ஐ இரண்டாவது கேமராவாகத் தோளில் வைத்துக்கொள்வதே நான் கண்ட நல்ல வழி. எந்த லென்ஸ் அடாப்டரோடு தயங்குகிறது, எது நன்றாக உழைக்கிறது என்பது அந்த மாதங்களில் தெளிவாகிவிடும். புதிய லென்ஸுக்கான பணத்தை அதன் பிறகு செலவிடலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அடாப்டரையும் சேர்த்துக் கேட்டு வாங்கி, சொந்த லென்ஸ்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். நாம் வழக்கமாக வேலை செய்யும் மண்டபத்தின் விளக்குகளுக்குக் கீழே மெக்கானிக்கல் ஷட்டரிலும் எலெக்ட்ரானிக் ஷட்டரிலும் பல வேகங்களில் எடுத்து, பட்டை விழுகிறதா என்று கணினியில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நம் ஃபிளாஷைப் பொருத்தி, விளக்குகளை அணைத்துவிட்டு, நடந்து வரும் ஒருவர் மேல் ஃபோகஸ் பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஒரு பேட்டரியை முழுவதும் தீர்த்து, எத்தனை மணி நேரம் தாங்கியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், அந்தச் சிறு திரையை இரண்டு மணி நேரம் தொடர்ந்து பார்த்த பிறகு கண் களைக்கிறதா என்பதையும் அன்றே தெரிந்துகொள்ளலாம்.